பாறை எலும்பு

வீட்டுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் மஹ்ஜபின் முதலில் நினைத்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். குளியலறைக் குழாயை இறுக்கினாள். சமையலறைக் குழாயை இறுக்கி, போதாதென்று அதன் வாயில் ஒரு துணியையும் சுற்றினாள். தகரக் கூரையின் ஓரத்தில் பனி இறங்கிச் சொட்டுகிறதோ என்ற சந்தேகத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய், யூகலிப்டஸ் வாசனையும் யாரோ மூட்டிய ஈர விறகின் புகையும் கலந்து மூக்கில் ஏறிய அந்தக் குளிரில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கேயும் ஈரமில்லை. சொட்டு மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று விழும்; நான்கைந்து மூச்சு கழித்து இன்னொன்று; கல்லின் மேல் விழுகிற கெட்டியான சத்தம். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் சும்மா இடது காதை விரலால் அடைத்துப் பார்த்தாள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. பிறகு அந்த விரலை எடுத்துவிட்டு வலது காதை மட்டும் அடைத்தாள். சுவர்க் கடிகாரம், தூரத்து நாய், ரோட்டில் கியர் மாற்றி ஏறிய லாரி எல்லாம் ஒரேயடியாக நின்றன. சொட்டு நிற்கவில்லை.

மறுநாள் கொடைக்கானல் பஜாரில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, காது பளிச்சென்று இருக்கிறது, குளிருக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொட்டு மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். சொட்டுக்குச் சொட்டு மருந்தா என்று திரும்பி வரும் வழியில் அவளுக்கே சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.

அட்டுவம்பட்டியின் கடைசியில், அதற்குப் பிறகு வெறும் காடு என்கிற இடத்தில் இருந்தது அந்தப் பழைய பங்களா. முன்னால் இரண்டு அறைகளில் அவள் குடியிருந்தாள். பின்னால் இருந்த பெரிய அறைதான் வேலை செய்யும் இடம். பழைய எலும்புகளில் மிச்சமிருக்கும் மரபணுவைப் படித்து, இந்த மலைக்கு யார் யார் எங்கிருந்து எப்போது வந்தார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி அது. படிக்கிற பெரிய இயந்திரங்கள் எல்லாம் நகரத்தில் இருந்தன. எலும்பைச் சுத்தம் செய்து, துளைத்து, பொடியைச் சின்னக் குப்பியில் அடைத்து அனுப்புவது மஹ்ஜபினின் வேலை. நம்முடைய எச்சிலோ மூச்சோ பட்டால் எலும்பின் கதையோடு நம் கதையும் கலந்துவிடும் என்பதால், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பும் இரண்டு அடுக்குக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேச்சுத் துணைக்கு அலைகிறவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

அவளுடைய எச்சிலையும் முன்கூட்டியே சோதித்து வைத்திருந்தார்கள்; தப்பித் தவறிக் கலந்தால் கழித்துவிட வசதியாக இருக்கும். பழனியில் பை வியாபாரம் செய்த அவள் அத்தா, நாமெல்லாம் குதிரையேறி வந்த வம்சம் என்று மீசையைத் தடவுவார். சோதனையில் கொஞ்சம் கடல் கடந்தது இருந்தது. மீதியெல்லாம் இந்த மண். அத்தா உயிரோடு இருந்திருந்தால் இயந்திரம் பழுது என்று சொல்லியிருப்பார்.

இப்போது கையில் இருந்தவை வடகவுஞ்சியில் கிடைத்த எலும்புகள். ரோட்டுக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு கல்வீடு. நான்கு பக்கமும் பலகைக் கற்கள், மேலே மூடு கல், முன்கல்லில் ஆள் தலை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த யாருக்கோ கட்டியது. இந்த மலை மண் எலும்பை விட்டுவைக்காது; ஈரமும் புளிப்புமாகக் கரைத்துத் தின்றுவிடும். உள்ளே இருந்த பெரிய தாழியிலும் பல்லோ விரலோ கிடைக்கவில்லை. அடியில், கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டே இரண்டு எலும்புகள் கிடந்தன. ஒன்று இடது, ஒன்று வலது. உடம்பிலேயே கெட்டியான எலும்பு அது. பாறை எலும்பு என்று பெயர். காதின் உள்பாகத்தைப் பொதிந்து வைத்திருப்பது. மண் அந்த ஆளை முழுக்கத் தின்றுவிட்டு, கேட்கிற இடத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு காதைத் துளைத்தால் மறு காதைத் தொடக் கூடாது. பின்னால் வருகிறவர்கள் இன்னும் நல்ல கருவிகளோடு வருவார்கள், அவர்களுக்கு அது இருக்கட்டும் என்பது கணக்கு. பெட்டியின் மேல் ‘வலது, துளைக்க வேண்டாம்’ என்று அவளே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள். இடது எலும்பை அவள் துளைத்தது திங்கட்கிழமை. சொட்டுச் சத்தம் ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமை. இரண்டையும் அவள் முடிச்சுப் போடவில்லை.

தினமும் ஏழு மணிக்கு மகள் கூப்பிடுவாள். அப்ரினுக்கு ஐந்து வயது. பழனியில் மஹ்ஜபினின் அண்ணன் அஸீம் வீட்டில் வளர்கிறாள். வேலையில் சேர்ந்த இந்த ஏழு மாதத்தில் கீழே போய்வர மஹ்ஜபினுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் முகம் தெரிந்ததும் முதலில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. மஹ்ஜபின் போனைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய், “அப்ரின், வா தங்கம், நான் எங்க இருக்கேன் சொல்லு?” என்பாள். அப்ரின் கத்துவாள். பிறகு, நடந்தால் கீச்சிடுகிற தன் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குள் கீச் கீச்சென்று ஓடிக் காட்டுவாள். “சாப்பிட்டியா தங்கம்?” என்று கேட்டு முடிப்பாள் மஹ்ஜபின். அந்தப் பத்து நிமிஷம் போக, ஒரு நாளில் மீதி நேரத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மே கடைசிக்குள் இந்த எலும்பின் முடிவு வந்துவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் ஜூனில் அப்ரினை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். அவளுக்கு வேறு கனவு எதுவும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அப்ரின் “அம்மா!” என்று கத்தியபோது இடது காதில் வேறொரு சத்தம் கேட்டது. ஈரமண்ணில் யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

வியாழக்கிழமையும் கேட்டது. அப்ரின் அம்மா என்று சொல்லும்போதெல்லாம் கேட்டது. கடைசியாக அவள் “அம்மா, டாட்டா” என்றபோது, அந்தக் காதுக்குள் எதுவோ மெல்ல எழுந்து உட்கார்ந்தது. அப்புறம் அசைவில்லை. பக்கத்து அறையில் கூட்டிக்கொண்டிருப்பவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நம் பேச்சைக் கவனித்தால் ஒரு அமைதி வருமே, அப்படி இருந்தது.

அன்று விளக்கை அணைக்காமல் படுத்தாள். அவளுக்குக் கணவன் ஃபஹீமின் நினைவு வந்தது. அவன் இறந்தபோது அப்ரின் கைக்குழந்தை. அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் திரும்பி நடக்கும்போது அந்தக் காலடிச் சத்தம் மய்யித்துக்கு, குழிக்குள் கிடக்கிறவருக்கு, கேட்கும் என்று சிறு வயதில் மதரசாவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு வந்த அஸீமிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, “வெரசா திரும்பிட்டீங்களாண்ணே?” என்பதுதான். அஸீம் அழுதார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போதும் அவளுக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை காலையில் நகரத்திலிருந்து டாக்டர் குருநாதன் பேசினார். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்.

“அவசரமா ஓட்டின முதல் ரிசல்ட் வந்துருச்சும்மா. ஒரு பொம்பளை. ஆனா ஆச்சரியத்தக் கேளுங்க. உயிரோட இருக்கற அத்தனை ஜனத்தோடயும் வச்சுப் பாத்தாச்சு. யாரோடயும் சேரல. வம்சமே இல்ல. மொத்தக் கூட்டமும் மிச்சமில்லாமப் போயிருக்கு.”

“ஒருத்தர்கூடவா ஸார்?”

“ஒருத்தர்கூட இல்ல. ஆனா படிச்சது பத்தாது, உறுதியாச் சொல்ல இன்னும் கொஞ்சம் பொடி வேணும். வலதைத் தொடணும்னா கமிட்டி அனுமதிக்கு ஆறு மாசம் ஆகும். நான் எடுங்கன்னு சொல்லலம்மா. இருந்தா நல்லாருக்கும்னு சொல்றேன்.”

பெரிய மனிதர்கள் பேசுகிற விதமே தனி. போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாசம் என்றால் ஜூன் போய்விடும். அன்றைக்கே, லீவுக்கு இரண்டு நாள் தங்கிப் போக, அஸீம் அப்ரினைக் கூட்டிக்கொண்டு மேலே வருவதாக வேறு இருந்தது. சாயங்காலம் குழந்தை வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, நான் எப்பம்மா இங்கயே இருக்கறது என்று கேட்கும். என்ன பதில் சொல்வது? மூன்று மணிக்கு அவள் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். சிவப்பு மையில் தான் எழுதியதைத் தானே கிழித்தாள். தப்பு என்று தெரிந்துதான் செய்தாள்.

எலும்பைச் சுத்தம் செய்து முடிக்கவே ஆறு மணி ஆகிவிட்டது. ப்ளீச் வாசனை முகமூடியைத் தாண்டி வந்தது. துளைப்பான் முனை எலும்பில் பட்டதும், சிலேட்டில் நகம் கீறுகிற அந்தச் சத்தம் பல்லில் கூசியது. இடது காதில் சொட்டு வேகமாக விழ ஆரம்பித்தது. அவள் நிறுத்தவில்லை. முனை எலும்பின் உள்ளே, சுருண்ட அந்தச் சின்னக் கூட்டுக்குள் இறங்கியபோது துளைப்பான் நின்றுபோனது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். விளக்கு எரிந்தது. முனை சுற்றிக்கொண்டிருந்தது. பொடி, வெள்ளையாக, தாளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சத்தம்தான் இல்லை.

அவள் மேஜையைத் தட்டினாள். இல்லை. கையைத் தட்டினாள். இல்லை. உள்ளே பேசக் கூடாது என்பதையும் மறந்து, “யா அல்லாஹ்” என்று கத்தினாள். தொண்டை அதிர்ந்தது. காதில் எதுவும் விழவில்லை.

பிறகு இரண்டு காதுகளிலும் சொட்டு விழுந்தது.

இப்போது அந்தச் சத்தத்துக்கு நான்கு பக்கமும் சுவர் இருந்தது. தாழ்ந்த கூரை இருந்தது. அவளுக்கு அந்த இடம் தெரியும். மார்ச்சில் தோண்டிய அன்றைக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தபோது, முன்கல்லின் துளையில் தலையை நுழைத்துப் பார்த்தாள். மூடு கல்லின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதே சொட்டு. இதே இடைவெளி.

தன் காது அங்கே இருக்கிறது. அப்படியானால் இங்கே, தன் தலைக்குள், இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

அந்தக் கல் அறைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேச்சு மறந்துபோனவர்கள் செருமுவது போல. பிறகு ஒரு குரல் வந்தது. முதலில் வெறும் காற்று. அப்புறம் பாதி வார்த்தை. அப்புறம் தெளிவாக.

“சாப்பிட்டியா தங்கம்?”

மஹ்ஜபினின் குரல்.

“வா தங்கம். சாப்பிட்டியா. வா தங்கம்.” ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருந்தியது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் பொறுமை அதில் இருந்தது. இத்தனை காலத்தில் அம்மா என்று யாரும் கூப்பிட்டிராத ஒருத்தியின் ஆசையும் இருந்தது. மஹ்ஜபினுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த ஆசை அவளுக்கு அத்தனை பழக்கமானது.

அவள் வெள்ளை உடுப்போடே முன்னறைக்கு ஓடி வந்தாள். பள்ளங்கியிலிருந்து வந்து பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வேலுச்சாமி, பையில் பீன்ஸும் கேரட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவர் வாய் அசைந்தது. அவள் காதைக் காட்டித் தலையாட்டினாள். அவர் பயந்துபோய், நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் காட்டினார்: ‘என்னா ஆச்சு மேடம், மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?’

அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே மேஜையில் போன் ஒளிர்ந்தது. அஸீம். அவர் என்றைக்கும் எழுதமாட்டார். எல்லாம் குரல் செய்திதான். பதினோரு விநாடி. அவள் போனை வேலுச்சாமியின் காதில் வைத்து அழுத்தினாள். அவர் கேட்டுவிட்டு எழுதினார். ‘ரோடு தெரியாம பனி அடைச்சிருக்காம். வடகவுஞ்சில நிப்பாட்டி டீ குடிச்சிட்டு வர்றாங்களாம்.’

“வண்டி வேணும். இப்பவே!” என்றாள். எவ்வளவு உரக்கச் சொன்னாளோ, வேலுச்சாமி பையைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க ஓடினார். வடகவுஞ்சிக்கு இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அவள் வீடியோவில் கூப்பிட்டாள். மணி ஆறரை. வெளியே ஜன்னல் முழுக்க வெள்ளை.

அப்ரின் எடுத்தாள். மாமாவின் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வேனுக்குள் சின்ன விளக்கு. முன்சீட்டில் அஸீம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ரோட்டுக்கு எதிரே, டீக்கடை பல்பு மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. குழந்தையின் வாய் அசைந்தது. அம்மா. அது மட்டும் உதட்டில் தெரிந்தது.

கல் அறைக்குள் சொட்டு நின்றது.

“அப்ரின்! மாமாவைக் கூப்பிடு. கதவைத் தொறக்காத. மாமாவைக் கூப்பிடு தங்கம்!”

குழந்தை அவளையே பார்த்தது. பிறகு தலையைத் திருப்பியது. இடது பக்கம். மேட்டுப் பக்கம். காப்பிச் செடிகள் இருக்கிற பக்கம்.

மஹ்ஜபினின் காதுகளில் அவள் குரல் சொன்னது: “அப்ரின். வா தங்கம். நான் எங்க இருக்கேன் சொல்லு?”

இப்போது ஒரு பிசிறும் இல்லை. பாசத்தில்கூட.

குழந்தை போனைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. போனில் அம்மா என்னவோ கத்துகிறாள். வெளியே அம்மா கூப்பிடுகிறாள். அதன் முகம் மெல்ல மலர்ந்தது. அம்மாவுக்கு எப்போதும் கண்ணாமூச்சிதான். அம்மா கீழே இறங்கி வந்து ஒளிந்திருக்கிறாள்.

“இல்ல! அது நான் இல்ல! அப்ரின், அம்மா இங்க இருக்கேன், இங்க பாரு!”

சின்ன விரல் ஒன்று உதட்டின் மேல் வந்தது. உஷ். கண்டுபிடிக்கப் போகிறேன்.

போன் சீட்டில் சாய்ந்து விழுந்தது. வேனின் கூரை. சின்ன விளக்கு. திரையின் ஓரத்தில் கதவு திறந்தது. பனி உள்ளே வந்தது. யாரும் இல்லை. எதிர் ஜன்னலில் டீக்கடை பல்பு. ஒரு முதுகு. திரும்பாத முதுகு.

அவள் போனைப் பிடித்துக்கொண்டு அலறினாள். “அண்ணே! அண்ணே!” தொண்டை கிழிந்தது. அது அங்கே கேட்டதா? தெரியவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது வேறு.

வெகு தூரத்தில். கற்களுக்கு வெளியே. மெல்ல.

கீச்.

கீச்.

போகிற காலடிகளை மட்டுமே கேட்டிருந்த இடம் அது.

கீச். கீச். கீச்.

சருகு. ஈரமண். ஒரு தடுமாறல். சின்ன மூச்சிரைப்பு. பிறகு முன்கல்லின் துளைக்கு மிக அருகில் நின்றது. கல்லின் மேல் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது.

“அம்மா?”

அந்தக் குழந்தையின் குரலை, ஏழு மாதமாகப் போனில் மட்டும் கேட்ட குரலை, முதல் முறையாகக் காதுக்கருகே நேராகக் கேட்டாள் மஹ்ஜபின். அட்டுவம்பட்டியில், வெள்ளை உடுப்பில், கையில் போனோடு நின்றாள். திரையில் காலி சீட் தெரிந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிஷம் பத்து விநாடி. பதினொன்று.

ஈரமண் அசைந்தது. எதுவோ துளையை நோக்கி நகர்ந்தது. பிறகு, கல் வீட்டின் உள்ளேயிருந்து, அவளுடைய குரல், அவளால்கூட இதுவரை கேட்க முடியாத அளவுக்கு அன்பாக, கேட்டது.

“சாப்பிட்டியா தங்கம்?”